அன்ரிகனியும் பெண்மையும்

துன்பியல் நாடகம் என்னும் கலைவடிவம் முதன்முதல் முழுமை பெற்ற இடம் கிரேக்க நாட்டின் அதென்ஸ் நகரமாகும். கி. மு. 5ஆம் நூற்றாண்டிலே, தயோனீசஸ் என்னும் தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட இளவேனிற் பெருவிழாவில், நகர மாந்தர் திரண்டிருந்த திறந்தவெளி அரங்கில், ஈஸ்கிலஸ், சொபொக்கிளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவரும் தம் நாடகங்களை அரங்கேற்றினர். அந்நகரிலே பெண்களுக்கு மக்களவையில் இடமில்லை. வழக்குமன்றத்திலே தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கும் உரிமையில்லை. தந்தை, உடன்பிறந்தான், கணவன் என யாரேனும் ஓர் ஆடவனுடைய காப்பிலேயே அவர்கள் வாழ்நாள் முழுவதும் கழிந்தது. ஆயினும் அந்நகரின் அரங்கிலே பெண்களின் குரல் ஓங்கி ஒலித்தது. இன்று முழுமையாகக் கிடைக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களுள் பெண் பாத்திரம் ஒன்றேனும் இல்லாதது சொபொக்கிளிஸ் இயற்றிய பிலொக்ரீற்றிஸ் ஒன்றே. வீட்டினுள் அடங்கியிருக்குமாறு பணிக்கப்பட்டவள் அரங்கிலே நடுநாயகமாக நிற்கும் இம்முரண்பாடு ஆராய்தற்குரியது.

இவ்வாறு அரங்கிலே தோன்றிய பெண்களுள் அன்ரிகனி தனிச்சிறப்புடையவள். கி. மு. 441ஆம் ஆண்டளவில் அரங்கேறிய சொபொக்கிளிஸின் நாடகம் அவள் பெயராலேயே வழங்குகின்றது. அவளைப் போற்றுவோர் பெரும்பாலும் ஒரே வகையாகவே போற்றுவர். பெண்ணாய்ப் பிறந்தும் ஆணின் துணிவு கொண்டவள் என்பர்; மென்மையைத் துறந்து வீரத்தை மேற்கொண்டவள் என்பர்; பெண்மையின் எல்லையைக் கடந்து நின்றவள் என்பர். இப்பாராட்டை நாடகத்தோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. அன்ரிகனி ஆணின் நிலையை எய்திவிட்டாள் என்று நாடகத்திலே கூறுபவன் யார்? அவளுக்குச் சாவுத் தண்டனை விதித்த கிரியோனே அவ்வாறு கூறுகின்றான். அரசனின் குற்றச்சாட்டே பிற்காலத்தாரின் பாராட்டாயிற்று. அக்குற்றச்சாட்டு உண்மையானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகத்தின் கதை சுருக்கமானது. தீப்ஸ் நகர மன்னன் ஈடிப்பஸின் மைந்தர் இருவர், எற்றியோக்கிளிஸும் பொலினைசிஸும், ஆட்சியுரிமைக்காகப் போரிட்டு ஒருவரை ஒருவர் கொன்று மடிந்தனர். முன்னவன் நகரைக் காத்து நின்றவன். பின்னவன் அயற்படை கொண்டு நகரைத் தாக்கியவன். அவர்களின் தாய்மாமனாகிய கிரியோன் அரசுரிமை பெற்று, எற்றியோக்கிளிஸைச் சிறப்புடன் அடக்கஞ் செய்யவும், பொலினைசிஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாக விடவும் ஆணையிடுகின்றான். இறந்தோரின் தங்கையருள் ஒருத்தியாகிய அன்ரிகனி ஆணையை மீறித் தமையனின் உடல்மேல் மண் தூவுகின்றாள். பிடிபட்ட அவளைக் கற்குகையொன்றில் உயிருடன் அடைக்குமாறு அரசன் பணிக்கின்றான். அவள் அங்கே தூக்கிட்டு மடிகின்றாள். அவளுக்கு மணம் பேசப்பட்டிருந்த கிரியோனின் மகன் ஏமோனும், அவன் தாய் யூரிடிசியும் தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்கின்றனர். கிரியோன் தனித்து நிற்கின்றான்.

அன்ரிகனி செய்த செயல் யாது என்பதே முதலில் நோக்கத்தக்கது. அவள் வாளேந்தவில்லை, படை திரட்டவில்லை, அரியணையை விரும்பவில்லை. இறந்தவனுக்குரிய கடனைச் செய்தாள். அதென்ஸ் நகர வழக்கிலே இக்கடனின் பெரும்பகுதி பெண்களுக்கே உரியது. இறந்தவரின் உடலை நீராட்டி, எண்ணெய் பூசி, ஆடை போர்த்து, கட்டிலிற் கிடத்தி, சூழ நின்று அழுது புலம்புவோர் அவ்வீட்டுப் பெண்களே. அக்காலத்துச் சாடிகளில் தீட்டப்பட்ட ஓவியங்களிலும் தலைவிரி கோலமாய்க் கட்டிலைச் சூழ்ந்து நிற்போர் பெண்களே. ஒப்பாரியை அறிந்த தமிழர்க்கு இக்காட்சி அயலானதன்று. மேலும், தன் தந்தைக்கும் தாய்க்கும் தமையனுக்கும் தன் கைகளாலேயே நீராட்டி, அணிசெய்து, நீர்க்கடன் ஊற்றியதாக அன்ரிகனி தன் இறுதியுரையிற் குறிப்பிடுகின்றாள். பொலினைசிஸுக்கு அவள் செய்தது முன்னரே செய்து பழகிய கடமையின் தொடர்ச்சியேயன்றிப் புதுமையன்று.

பெண்களின் இப்புலம்பலை அதென்ஸ் அரசு நெடுங்காலமாகவே ஐயத்துடன் நோக்கி வந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலது. கி. மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சட்டம் வகுத்த சோலன், இழவு வீட்டிற் பெண்கள் உடலைக் கீறிக்கொண்டு அழுவதையும், ஆக்கிய புலம்பற் பாட்டுக்களைப் பாடுவதையும் தடுத்தான். நெருங்கிய உறவினரல்லாத பெண்கள் அறுபது வயதுக்குட்பட்டவராயின் இறந்தவர் வீட்டினுட் புகுதலாகாது என்றும் அவன் சட்டம் விதித்ததாக அறியப்படுகின்றது. போரில் மடிந்தோரை அரசே பொதுவில் அடக்கஞ் செய்யும் முறையும் பின்னர் எழுந்தது. கி. மு. 431ஆம் ஆண்டுப் போரில் மாண்டோர்க்காகப் பெரிக்கிளிஸ் ஆற்றிய உரையிலே, ஆடவர் நடுவே புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ பேச்சுக்கு இடமாகாதிருத்தலே பெண்ணுக்குப் பெருமை என்னும் கருத்துப்படக் கைம்பெண்களுக்கு அறிவுரை கூறியதாகத் தூசிடைடிஸ் எழுதுகின்றார். இறந்தவன் வீட்டுக்குரியவனா, நாட்டுக்குரியவனா என்ற வினா அந்நகரத்தாரின் உள்ளத்தில் உயிருடன் இருந்தது. நாட்டுக்குத் துரோகஞ் செய்தவனை அற்றிக்கா மண்ணில் அடக்கஞ் செய்யலாகாது என்ற விதியும் அதென்ஸில் இருந்தமையால், கிரியோனின் ஆணை அவையோர்க்கு முற்றும் விந்தையானதாகத் தோன்றியிராது. ஆயினும் எல்லைக்கு அப்பாலும் அடக்கஞ் செய்யவிடாது, உடலை அழுக விட்டுக் காவல் வைத்தமையிலே அவன் வரம்பு கடந்தான்.

கிரியோனின் ஆணை இருபகுதியுடையது. அடக்கஞ் செய்தலை மட்டுமன்றி, அழுது புலம்புதலையும் அது தடுக்கின்றது. அவ்விடத்திலே சொபொக்கிளிஸ் வழங்கிய கிரேக்கச் சொல் பெண்கள் வீறிட்டு அழுதலைக் குறிப்பது. எனவே அவ்வாணை பிறந்த கணத்திலேயே ஒரு பெண்ணின் கடமையைக் குற்றமாக்கிவிட்டது. ஆயின் அரசன் இதனை உணர்ந்தானில்லை. உடல்மேல் மண் தூவப்பட்டுள்ளதெனக் காவலன் வந்து கூறியவுடன், ஆடவருள் யார் இதற்குத் துணிந்தவன் என்றே அவன் வினவுகின்றான். தன் ஆட்சியை வெறுத்தோர் காசு கொடுத்துக் காவலரை ஏவினர் என்று ஐயுறுகின்றான். தன் தங்கையின் மகளே இறந்தவனுக்கு மிக நெருங்கிய பெண் என்பதும், இறந்தோரைப் பேணுவோர் பெண்கள் என்பதும் அவன் நினைவுக்கு வரவேயில்லை. பகை, சூழ்ச்சி, பொருள், பதவி ஆகியனவே செயலுக்குக் காரணமாதல் கூடும் என்று எண்ணுபவனுக்கு அன்பின் கடமை கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வொரு வினாவினாலேயே கிரியோனின் குருட்டுத்தன்மையை நாடகாசிரியன் காட்டிவிடுகின்றான்.

இதற்கு மறுதலையாகக் காவலனின் இரண்டாம் உரை அமைகின்றது. காவலர் மண்ணைத் துடைத்து உடலைத் திறந்து விடுகின்றனர். நண்பகலிலே புழுதிப்புயல் எழுந்து அடங்கியபின் ஒரு பெண் அங்கே நிற்கக் காண்கின்றனர். வறுங்கூட்டைக் கண்டு குஞ்சுகளை இழந்த பறவை அலறுவது போல அவள் அலறினாள் என்று காவலன் கூறுகின்றான். பின்னர் கையினால் மண் அள்ளி வந்து, வெண்கலக் குடத்தினின்றும் மூன்று முறை நீர்க்கடன் ஊற்றினாள் என்கின்றான். மணமாகாத ஒரு கன்னிக்குத் தாய்ப்பறவை உவமையாயிற்று. கல்வியறிவற்ற எளிய காவலன் கண்டது அழும் தாயை. அரசன் காண்பது அரசுப் பகைவனை. ஒரே பெண்ணை இருவர் கண்ட இவ்விருவேறு காட்சிகளில் நாடகத்தின் உயிர்நிலை அடங்கியுள்ளது.

விசாரணைக் காட்சியிலே அன்ரிகனி தன் செயலை மறுக்கவில்லை. மானிடன் ஒருவனின் ஆணை, எழுதப்படாத தெய்வ நெறிகளை மீறும் வலிமையுடையதன்று என்று அவள் வாதிடுகின்றாள். இங்குத்தான் கிரியோனின் பேச்சு திசை மாறுகின்றது. அவள் எழுப்பியது சட்டத்தைப் பற்றிய வினா. அவன் கூறும் விடையோ ஆண், பெண் என்னும் வேற்றுமையைப் பற்றியது. தண்டனையின்றி இவள் வென்றால் தான் ஆணல்லன், இவளே ஆண் என்கின்றான். தன் உயிருள்ளவரை ஒரு பெண் தன்னை ஆளுதல் இயலாது என்கின்றான். தமக்கை தங்கை இருவரையும் உள்ளே கொண்டுசெல்லப் பணிக்கையில், இனி இவர்கள் கட்டின்றித் திரியாது பெண்களாக இருத்தல் வேண்டும் என்கின்றான். மகனிடம் பேசும்போதும், ஆடவன் கையால் வீழ்வதே மேல், பெண்ணிலும் தாழ்ந்தவன் எனப் பெயரெடுத்தல் ஆகாது என்று அறிவுறுத்துகின்றான். அரசன், குடும்பத் தலைவன், பெண்ணின் காப்பாளன் என்னும் மூன்று நிலைகளும் அவனுள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆகவே நியாயமான ஒரு மறுப்பும் அவன் செவிக்கு ஆண்மையின்மேல் விழுந்த அடியாகவே கேட்கின்றது.

கிரியோனுக்குப் பெண் என்பவள் யார் என்பதும் இந்நாடகத்திலே வெளிப்படையாகக் கூறப்படுகின்றது. உன் மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையா கொல்லப் போகின்றாய் என்று இஸ்மினி வினவும்போது, அவனுக்கு உழுதற்கு வேறு வயல்கள் உண்டு என்ற கருத்தில் அவன் விடையிறுக்கின்றான். இவ்வுவமை கிரேக்கருக்குப் புதிதன்று. பிற்காலத்து மெனாந்தரின் நாடகங்களிலே தந்தை மகளை மணமுடித்துக் கொடுக்கும் வாசகத்திலும் மக்கட்பேற்றின் பொருட்டான உழவு குறிக்கப்படுகின்றது. வழக்கிலுள்ள சொல்லே ஆயினும், சாகப்போகும் ஒருத்தியின் தங்கையிடம் கூறப்படும்போது அதன் கொடுமை வெளிப்படுகின்றது. வயல் மாற்றத்தக்கது, ஒன்று போனால் மற்றொன்று. மாற்றத்தக்கவள் என்று பெண்ணைக் கருதும் அரசனுக்கு எதிரிலே, மாற்றுதற்கரியவன் தன் தமையன் என்று கருதும் பெண் நிற்கின்றாள்.

ஏமோனின் பாத்திரம் இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. அவன் காதலைக் காரணமாகக் காட்டி வாதாடவில்லை. நகர மக்கள் அப்பெண்ணுக்காக இருளில் இரங்குகின்றனர் என்றும், வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரமே கிளையோடு தப்புகின்றது என்றும் பணிவுடன் எடுத்துரைக்கின்றான். இவன் பெண்ணின் பக்கம் நின்று போராடுகின்றான் என்று தந்தை ஏளனஞ் செய்கையில், நீயே பெண்ணாயின் அது மெய்யே, ஏனெனில் நான் கவலைகொள்வது உன்னைப் பற்றியே என்ற கருத்தில் மகன் மறுமொழி தருகின்றான். வளைந்து கொடுத்தல் பெண்ணுக்குரியது, விறைத்து நிற்றலே ஆணுக்குரியது என்னும் கிரியோனின் இலக்கணத்தை இம்மறுமொழி உடைக்கின்றது. அறிவுள்ள ஆடவன் வளைவான் என்று காட்டுவதற்கே ஏமோன் படைக்கப்பட்டான் போலும்.

இனி, அன்ரிகனியின் பெண்மைக்கு மாறாகக் கூறத்தக்கவற்றையும் நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும். நாடகத் தொடக்கத்திலேயே அவள் தங்கையை அரண்மனை வாயிலுக்கு வெளியே அழைத்து வந்து பேசுகின்றாள். பெண்களாய்ப் பிறந்த நாம் ஆடவரோடு பொருதற்கு உரியரல்லேம் என்னும் கருத்தில் இஸ்மினி தயங்கியபோது, அவளை இரக்கமின்றி ஒதுக்குகின்றாள். செயலை மறைத்து வைக்கிறேன் என்ற தங்கையிடம், எல்லார்க்கும் பறைசாற்று என்கின்றாள். தமையனை அடக்கஞ் செய்தலினும் மேலான புகழ் தனக்கு வேறில்லை என அரசன் முன் கூறுகின்றாள். பின்னர் இஸ்மினி உடன்சாக முன்வருகையிலும் அவளை ஏற்க மறுக்கின்றாள். புகழ் வேட்கையும் வணங்காமையும் ஹோமரின் வீரர்க்குரிய பண்புகள் என்பது மெய்யே. அரிஸ்ரோட்டிலும் கவிதையியலிலே, பெண்ணொருத்தியை ஆண்மைத் துணிவுடையவளாகக் காட்டுதல் பொருத்தமன்று என்று எழுதினார்.

ஆயின் இவ்வெதிர்ப்புரைகள் காட்டுவது யாது? அவள் செய்த செயல் பெண்ணுக்குரியது. அதனைச் செய்த இடமும் அதனைப் பற்றிப் பேசிய இடமுமே ஆடவர் தமக்கென வகுத்துக்கொண்டவை. வீட்டினுள் கட்டிலருகே நின்று அவள் அழுதிருப்பின் ஒருவரும் அவளை ஆண் எனச் சொல்லியிரார். உடல் வெட்டவெளியிற் கிடந்தமையால் அவளும் வெட்டவெளிக்கு வந்தாள். அவ்வுடலை அங்கே கிடத்தியவன் கிரியோன். ஆதலின் பெண்ணை வீட்டுக்கு வெளியே இழுத்தது அவளது மீறலன்று, அரசனது ஆணையே. வீட்டின் கடமையை ஊரறியச் செய்ய நேர்ந்தபோது, அக்கடமைக்கு ஒரு மொழி வேண்டியதாயிற்று. அம்மொழியை அவள் மன்றத்திலே கண்டெடுத்தாள். தான் ஆணுக்கு நிகர் என்று அவள் ஓரிடத்தும் கூறவில்லை. பகையிற் சேர்தற்கன்று, அன்பிற் சேர்தற்கே தான் பிறந்தாள் என்னும் கருத்தையே கூறுகின்றாள்.

அவளது இறுதியுரையில் ஒரு பகுதி நெடுங்காலமாக அறிஞர்களை மயக்கி வந்துள்ளது. கணவன் இறப்பின் வேறு கணவனைப் பெறலாம். மகவு இறப்பின் வேறு மகவைப் பெறலாம். பெற்றோர் மறைந்தபின் உடன்பிறந்தானை மீண்டும் பெறுதல் இயலாது. ஆகவே கணவனுக்காகவோ மகவுக்காகவோ இச்செயலைத் தான் செய்திராள் என்று அவள் கணக்கிடுகின்றாள். ஹெரொடோற்றஸ் தம் வரலாற்றிலே கூறும் பாரசீகப் பெண்ணொருத்தியின் கதையை இது ஒத்துள்ளது. ஜெர்மானியக் கவிஞர் கேதே, இப்பகுதி இடைச்செருகல் என யாரேனும் ஓர் அறிஞர் நிறுவுதல் வேண்டும் என 1827ஆம் ஆண்டிலே எக்கர்மன் என்பாரிடம் விருப்பம் தெரிவித்தார். ஆயின் அரிஸ்ரோட்டில் தமது அணியியல் நூலில் இதனை எடுத்தாண்டுள்ளமையால், அவர் காலத்திலேயே இது நாடகத்தின் பகுதியாயிருந்தது தெளிவு. பொது நெறியைப் பேசியவள் இறுதியிலே ஏன் தனி உறவைப் பேசுகின்றாள் என்பதே கேதே போன்றோரின் குறை. சாவை நேரிற் கண்ட ஒருத்தி, தன் வாதத்தின் அடியிலுள்ள வேரைத் தோண்டிக் காட்டுகின்றாள் என்று கொள்ளின் குறை நீங்கும். தெய்வ நெறி அவளுக்கு வெறுங்கொள்கையன்று. கையால் நீராட்டிய உடல்களின் வழியே அவள் அறிந்த நெறி அது.

கற்குகை நோக்கிச் செல்லும் வழியிலே அவள் தன் பெண் வாழ்வின் இழப்பை எண்ணிப் புலம்புகின்றாள். மணப்பாட்டுக் கேளாது, மஞ்சம் காணாது, மகவு வளர்க்காது செல்கின்றேனே என்று வருந்துகின்றாள். கல்லறையே தனக்கு மணவறை என்கின்றாள். பெண்மையைத் துறந்தவள் இவ்வாறு வருந்துதல் இயலாது. தனக்காக அழுவார் இல்லாத நிலையில் தன் ஒப்பாரியைத் தானே பாடுகின்றாள். பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் லொறோ 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கிரேக்கத் துன்பியலில் ஆடவர் வாளாலும் பெண்கள் கயிற்றாலும் மடிதலே பெருவழக்கு என எடுத்துக்காட்டினார். வாழ்வில் மறுத்த பெண்மையை அன்ரிகனி சாவில் எய்தினாள் என்பது அவர் கருத்து. சாவைப் பற்றிய அவரது நோக்கு நுண்ணியது. எனினும் அன்ரிகனி வாழ்விற் பெண்மையை மறுத்தாள் என்பது ஏற்கத்தக்கதன்று. தாயாகிய யொகாஸ்ரா போலத் துகிலை முறுக்கித் தூக்கிட்டு மடிந்தவள், வாழ்ந்தபோதும் குடும்பத்தின் மகளாகவே வாழ்ந்தாள்.

மெய்யியலாளர் ஹெகல், 1807ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, குடும்பத்தின் தெய்வ நெறியைப் பெண்ணுக்கும் நாட்டின் மானிட நெறியை ஆணுக்கும் உரியனவாகக் கொண்டு, இரண்டின் மோதலாக இந்நாடகத்தை விளக்கினார். அன்ரிகனியின் செயல் பெண்ணின் கடமையிலிருந்து பிறந்தது என்று கண்டமை அவர் சிறப்பு. ஆயின் பெண் தன் நெறியை உணர்வளவில் அறிவாளன்றி முழுத்தெளிவுடன் அறியாள் என்ற கருத்தும் அவர் விளக்கத்தில் உண்டு. நாடகம் அதற்கு இடந்தரவில்லை. தான் செய்தது யாது, எதற்காக, அதன் விலை யாது என்பவற்றை நாடகத்திலே மிகத் தெளிவாக அறிந்தவள் அன்ரிகனியே. முடிவிலே அறிந்துகொள்பவன் கிரியோன். அமெரிக்க அறிஞர் ஜூடித் பட்லர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, அரசின் மொழியைக் கொண்டே அரசை எதிர்ப்பவள் அன்ரிகனி எனக் காட்டி ஹெகலின் பிரிவினையை மறுத்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

நாடகத்தின் முடிவு இவ்வாராய்ச்சிக்கு வலுவான சான்று தருகின்றது. கண்ணிழந்த முனிவன் தைரீசியஸின் எச்சரிக்கையால் அஞ்சிய கிரியோன், தன் ஆணையைத் தானே மீறுகின்றான். நாய்கள் கிழித்த பொலினைசிஸின் உடலை அவனும் ஏவலரும் தூய நீரால் கழுவி, புதிதாய் ஒடித்த கிளைகளால் எரித்து, மண்மேடு எழுப்புகின்றனர். எச்செயலுக்காக ஒரு பெண்ணை உயிருடன் புதைத்தானோ அச்செயலையே அரசன் செய்கின்றான். அதன்பின் குகைக்கு விரைகின்றான், காலங்கடந்துவிட்டது. அங்கே அன்ரிகனியின் உடலைத் தழுவி நின்ற ஏமோன், தன் வாளாலேயே தன்னைக் குத்தி, அவளைத் தழுவியவாறே மடிகின்றான். செய்தி கேட்ட யூரிடிசி ஒரு சொல்லும் கூறாது உள்ளே செல்கின்றாள். அம்மௌனத்தைக் கண்டு பாடற்குழுவினர் அஞ்சுகின்றனர். பெண்ணுக்கு அணியெனப்பட்ட மௌனமே ஈண்டு அச்சந்தருவதாயிற்று. பலிபீடத்தருகே கத்தியாற் குத்திக்கொண்டு, மக்களைக் கொன்றவன் எனக் கணவனைச் சபித்து அவள் மடிகின்றாள்.

இறுதிக் காட்சியிலே கிரியோன் மகனின் உடலைத் தன் கைகளில் ஏந்தி வருகின்றான். அவன் வாயிலிருந்து இப்போது ஆணையும் வாதமும் எழவில்லை, புலம்பலே எழுகின்றது. பாடற்குழுவோடு மாறி மாறிப் பாடப்படும் நீண்ட ஒப்பாரியாக அக்காட்சி அமைந்துள்ளது. புலம்பலாகாது என ஆணையிட்டவனே புலம்பி நிற்கின்றான். பெண்ணுக்குரியவை என அவன் இகழ்ந்த அழுகையும் இறந்தோரைப் பேணுதலும் மானிடர் அனைவர்க்கும் உரியவை என்பதை அவன் கற்கின்றான். கற்றற்கு அவன் கொடுத்த விலை ஒரு குடும்பம். பெண் ஆணாக மாறிய கதையன்று இது. பெண் போற்றிக் காத்ததை ஆண் காலங்கடந்து அறிந்த கதையே ஆகும்.

இந்நாடகத்தின் பெண் வேடங்களையும் அக்காலத்தில் ஆடவரே முகமூடி அணிந்து நடித்தனர். கி. மு. 4ஆம் நூற்றாண்டிலே தியடோரஸ், அரிஸ்டோடெமஸ் என்னும் புகழ்பெற்ற நடிகர் இந்நாடகத்தைப் பன்முறை நடித்தனர் என்றும், அரசியலாளனாகிய ஈஸ்கினிஸ் மூன்றாம் நடிகனாயிருந்து கிரியோன் வேடம் தாங்கினான் என்றும் டெமொஸ்தனிஸ் குறிப்பிடுகின்றார். இவ்வழக்கம் 1973ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் எதிர்பாராத பொருள் பெற்றது. அதொல் ஃபுகார்ட், ஜோன் கானி, வின்ஸ்ரன் இன்ற்சோனா ஆகியோர் ஆக்கிய 'தீவு' என்னும் நாடகத்திலே, சிறைக்கைதிகள் இருவர் அன்ரிகனியின் விசாரணைக் காட்சியை நடிக்க முயல்கின்றனர். அவருள் ஒருவன் பெண்வேடம் தரிப்பின் பிறர் நகைப்பர் என்று அஞ்சி மறுக்கின்றான். முடிவில் அவ்வேடத்தைத் தாங்கி நின்று, பின் அதனைக் களைந்து, தன் சொந்தக் குரலில் அன்ரிகனியின் நியாயத்தைப் பேசுகின்றான். பெண்ணாகத் தோன்றுதல் இழிவு என்னும் கிரியோனின் அச்சத்தை வென்ற பின்னரே அவனுக்கு அன்ரிகனியின் துணிவு வாய்க்கின்றது.

எனவே, அன்ரிகனியை ஆண்மை கொண்ட பெண் எனப் போற்றுதல் அவளுக்குச் சிறப்பாகாது. துணிவு எங்குக் காணப்படினும் அது ஆணின் உடைமை என்று கொள்ளின், பெண்ணுக்கு எஞ்சுவது அச்சம் ஒன்றே. பெண்களாதலால் நாம் பணிதல் வேண்டும் என்ற இஸ்மினியின் தளர்ச்சியும், பெண்களாக அடங்கி இருங்கள் என்ற கிரியோனின் ஆணையும் அவ்வச்சத்தின் இருபுறங்களாம். சொபொக்கிளிஸின் அன்ரிகனி மூன்றாவது வழியொன்றைக் காட்டுகின்றாள். தங்கையாகவும் மகளாகவும் தனக்கு வாய்த்த கடமையை அவள் கைவிடாது பற்றி நின்றாள். பற்றி நின்றமையே வீரமாயிற்று. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும், இறந்தோர்க்காக அழும் உரிமையை ஆள்வோர் மறுக்கும் இடமெல்லாம் அவள் பெயர் நினைக்கப்படுவதற்குக் காரணம் அதுவே. கையளவு மண்ணும் ஒரு குடம் நீருமே அவளுடைய படைக்கலங்கள். அவற்றை ஏந்திய கை ஒரு பெண்ணின் கை என்பதை மறவாது அந்நாடகத்தைக் கற்பதே அதற்குச் செய்யும் நியாயமாகும்.